அவன் காட்டிய படத்தை முழுசாகப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். என் கணவர் பத்து வருடம் மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வந்து போய் வேலை பார்த்தார். உடம்பு தாங்கவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் கே.ஆர்.புரம் பக்கம் வீடு பார்த்துக் குடிவந்தோம். ஒரே மகன், 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஊரில் இருந்தவரை வாயாடி. சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். இங்கே வந்ததிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறான். சாப்பாட்டு டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது. என் பர்ஸில் ஐம்பது, நூறு குறைகிறது. வகுப்பில் நாலைந்து பையன்கள் 'கொங்கா' என்று கூப்பிட்டுக் கேலி செய்வதாக ஒரே ஒரு தடவை சொன்னான். மறுபடி கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'ஆல் அபவுட் லிலி ஷூ ஷூ' என்று ஒரு ஜப்பான் படத்தை லேப்டாப்பில் போட்டு, 'அம்மா, இதைக் கொஞ்சம் பாரேன்' என்றான். இருபது நிமிடம் உட்கார்ந்தேன், ஒன்றும் புரியவில்லை. குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய்விட்டேன். அப்புறம் என் தம்பி அந்தப் படத்தைப் பற்றித் தேடிப் பார்த்துவிட்டு, 'அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடிபடுகிறார்கள், சாகிறார்கள். இதைப் பார்த்துத்தான் இவன் இப்படி ஆகிறான். முதலில் ஹெட்போனையும் லேப்டாப்பையும் பிடுங்கு அக்கா' என்கிறான். பிடுங்கிவிடலாமா? பள்ளியை மாற்றலாமா? இல்லை, தங்கவயலுக்கே பாட்டியிடம் அனுப்பிவிடலாமா?
(பெங்களூரிலிருந்து ஒரு தாய்)

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது 'அம்மா, இதைக் கொஞ்சம் பாரேன்' என்று அவன் சொன்ன இடத்தைத்தான். என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும், 'பிள்ளை எங்களிடம் எதையுமே காட்டுவதில்லை' என்றுதான் அழுவார்கள். உங்கள் மகன் காட்டியிருக்கிறான். தன் வாயால் சொல்ல முடியாததை இரண்டரை மணி நேரப் படமாகக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்திருக்கிறான். குக்கரை இறக்கப் போனதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். யாராக இருந்தாலும் எழுந்துதான் போயிருப்போம். ஆனால் அந்தப் படத்தை நீங்கள் இப்போது முழுசாகப் பார்க்க வேண்டும்.

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். ஷுன்ஜி இவாய் இயக்கி 2001-இல் வந்தது. உங்கள் ஊர்ச் சுரங்கத்தை மூடிய அதே வருடம். இருபது நிமிடத்தில் ஒன்றும் புரியாததில் ஆச்சரியம் இல்லை. கதை முன்னும் பின்னும் தாவும், திரையில் எழுத்துகள் தட்டச்சாகி ஓடிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் ஒரு பையன் பச்சைப் பசேலென்ற நெல் வயலுக்கு நடுவில் பள்ளிச் சீருடையோடு தனியாக நின்று, காதில் மாட்டிக்கொண்டு பாட்டு கேட்பான். அவ்வளவு பெரிய வயலில் அவனைத் தவிர ஆள் கிடையாது. உங்கள் மகன் தன்னைப் பார்த்துக்கொண்ட இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பையன் பெயர் யூயிச்சி. அவனுக்கு ஹோஷினோ என்று ஒரு நண்பன், நன்றாகப் படிக்கிற பையன். ஒரு கோடை விடுமுறையில் ஒகினாவாவுக்குப் போய்விட்டு வந்த பிறகு ஹோஷினோ அடியோடு மாறிவிடுகிறான். வகுப்பையே மிரட்டி வைக்கிறான், யூயிச்சியைத் திருட வைத்துக் காசு வாங்குகிறான். யூயிச்சிக்கு மிஞ்சுவது லிலி என்ற பாடகியின் பாட்டும், அவளுடைய ரசிகர்கள் புனைபெயரில் எழுதிக்கொள்ளும் ஓர் இணையப் பக்கமும்தான். லிலி கதைக்காக உருவாக்கிய பாடகி. அவளுக்குக் குரல் கொடுத்தவர் சால்யூ. அந்தப் பக்கத்தில் 'நீலப் பூனை' என்ற பெயரில் ஒருவர் இவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருப்பார். பகலில் அடிக்கிற ஹோஷினோதான் ராத்திரியில் ஆறுதல் சொல்லும் அந்த நீலப் பூனை என்பது கடைசியில்தான் தெரியும். லிலியின் கச்சேரிக்கு டிக்கெட்டோடு போகும் யூயிச்சியிடமிருந்து அதை வாங்கி ஹோஷினோ வீசியெறிந்துவிடுவான். உள்ளே பாட்டு நடக்கும், இவன் வெளியே நின்று பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

உங்கள் தம்பி சொன்னது பொய்யில்லை. அந்தப் படத்தில் ஒரு மாணவியை மிரட்டிப் பாலியல் தொழிலுக்கு அனுப்புகிறார்கள், அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பியானோ வாசிக்கும் இன்னொரு மாணவிக்கும் பெரும் கொடுமை நடக்கிறது. கொலையும் உண்டு. 14 வயதுப் பையன் தனியாக உட்கார்ந்து பார்க்கும் படமே இல்லை. ஆனால் அவன் பார்த்துவிட்டான். இனி தடுக்க ஒன்றுமில்லை, கூட உட்காரத்தான் முடியும். முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். அப்புறம் அவனிடம் போய், 'அன்னைக்கு எழுந்து போயிட்டேன், தப்புதான். இப்ப முழுசா பார்த்துட்டேன். உனக்கு இதுல எந்த இடம் பிடிச்சது?' என்று மட்டும் கேளுங்கள். 'ஏன் இந்த மாதிரிப் படம் பார்க்கிறே' என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். அவன் 'சும்மா' என்று சொன்னால், 'சரி' என்று விட்டுவிட்டு, உங்களைத் தொட்ட ஒரு இடத்தைச் சொல்லுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பேச்சு வரும். அவசரம் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். அந்தப் படத்தில் வீட்டுப் பெரியவர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கிறார்கள். யூயிச்சி கடையில் லிலியின் சிடியைத் திருடிப் பிடிபடும்போதுகூட, இவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருவரும் துருவிக் கேட்பதில்லை.

அதனால்தான் உங்கள் பர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய வரி. ஐம்பதும் நூறுமாகக் குறைகிறது, டப்பா பாதியோடு திரும்பி வருகிறது, பையன் வாயைத் திறப்பதில்லை. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்தக் காசு அவனிடம் தங்கவில்லை என்றே நினைக்கிறேன். யாரோ கேட்கிறார்கள், இவன் கொடுக்கிறான். அவனைக் கேட்கும்போது 'திருடினாயா' என்ற சொல்லே வரக் கூடாது. 'பர்ஸ்ல பணம் குறையறது தெரியும். நான் கோபப்படலை. இது யார் கைக்குப் போகுது?' என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேளுங்கள். இந்த வயதுப் பையன்களுக்கு நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசுவது கஷ்டம். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் தானாக வரும். அப்பாவோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஹெட்போனைப் பிடுங்கலாமா என்றால், கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். அவனுக்கும் இதே வயதுதான். நாற்பது நிமிடம் உட்கார்ந்தான், பெயரைக்கூடச் சொல்லவில்லை. காதில் வயர் தொங்கிக்கொண்டே இருந்தது. வயரில் ஓரிடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. நான் அந்த டேப்பைக் காட்டி, 'எப்படி அறுந்தது?' என்று கேட்டேன். 'கத்தரியால வெட்டிட்டாங்க' என்றான். அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை. வெட்டியது வகுப்புப் பையன்கள். திரும்பவும் ஒட்டுப்போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான். நான் மாட்டிக்கொண்டேன். பாட்டு முடியும்வரை இருவரும் பேசவில்லை. அவனுடைய அப்பா வெளியே நாற்காலியில், 'இந்தச் சனியனைப் பிடுங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு நாள் முழுக்க மூச்சு விட இருந்த ஒரே ஓட்டை அது.

பாட்டு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பின்லாந்தைச் சேர்ந்த சுவி சாரிகல்லியோ, ஆஸ்திரேலியாவின் கத்ரினா மெக்ஃபெரன் போன்ற ஆய்வாளர்கள் வளரிளம் பிள்ளைகள் இசையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பல வருடம் ஆராய்ந்து, 2015-இல் 13 கேள்விகள் கொண்ட ஒரு சிறு அளவுகோலையே வெளியிட்டார்கள். அதன் சாரம் எளிது. ஒரே பாட்டு ஒருவனை லேசாக்கும், இன்னொருவனைப் பழைய காயத்திலேயே சுற்றிச் சுற்றி வரவைக்கும். அதனால் என்ன பாட்டு என்று துருவுவதைவிட, கேட்டு முடித்த பிறகு அவன் எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். கதவைத் திறந்துகொண்டு வந்து 'பசிக்குது' என்கிறானா? அல்லது முன்னைவிட முகம் இருண்டு, ராத்திரி இரண்டு மணிவரை அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறானா? முதலாவது என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது என்றால் அது அடுத்து நான் சொல்லப்போவதோடு சேர்ந்தது. (சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. போனிலேயே அதைக் காட்டும் வசதி இருக்கிறது.)

இப்போது சொல்வதைத் தைரியமாகச் செய்யுங்கள். 'செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?' என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லா அம்மாக்களும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. இது நன்றாக ஆராய்ந்து பார்த்த விஷயம். உள்ளே அந்த எண்ணம் இருக்கிற பிள்ளைக்கு, அதை ஒருவர் பயப்படாமல் கேட்டதே ஆறுதல். 'ஆமாம்' என்றால் அலறாதீர்கள், திட்டாதீர்கள், 'சாமி குத்தம்' என்று சொல்லாதீர்கள். கூடவே இருங்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே உதவி தேடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை 24 மணி நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது, நம் பெங்களூரின் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை. ஓசூர் ரோடு நிம்ஹான்ஸிலேயே குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி மனநலப் பிரிவு இருக்கிறது. அவன் 'இல்லை' என்றாலும் சாப்பாடு, தூக்கம் இரண்டும் இப்படியே இன்னும் இரண்டு வாரம் போனால் ஒரு தடவை கூட்டிப் போய்விடுங்கள்.

பள்ளி விஷயம் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். ஏனென்றால் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

'கொங்கா' என்ற சொல்லை அந்தப் பையன்கள் உண்டாக்கவில்லை. இந்த ஊரில் தமிழர்களை மட்டம் தட்டப் பெரியவர்கள் சொல்லி, அது பிள்ளைகள் காதில் விழுந்து, வகுப்பறைக்கு வந்திருக்கிறது. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை மொழிச் சண்டையால் 18 வருடம் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அந்தக் கசப்பின் மிச்சம் இங்கே ஒரு 14 வயதுப் பையனின் பெஞ்சுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனாலும் இதைக் கன்னடம், தமிழ் சண்டையாக ஆக்கிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு முதலில் கை கொடுத்தது பக்கத்து பெஞ்சுக் கன்னடப் பையன்தான்.

நார்வேயின் டான் ஓல்வேயஸ் 1970களிலிருந்து பள்ளிக் கொடுமையை ஆராய்ந்தவர். விளையாட்டுக் கேலியையும் கொடுமையையும் பிரித்துப் பார்க்க அவர் மூன்று விஷயம் சொன்னார்: வேண்டுமென்றே நடக்க வேண்டும், திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், படுகிறவனால் எதிர்த்து நிற்க முடியாத அளவு பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். புது ஊர், புது மொழி, நாலைந்து பேருக்கு எதிராக ஒருவன். உங்கள் மகன் விஷயத்தில் மூன்றுமே பொருந்துகிறது. 'பசங்கன்னா அப்படித்தான்' என்று பள்ளியில் சொன்னால், இந்த மூன்றையும் அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்.

வாயால் புகார் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். ஒரு சின்ன நோட்டு வாங்கி, தேதி, நேரம், இடம், யார், என்ன சொன்னார்கள், எவ்வளவு காசு என்று இன்றிலிருந்து குறியுங்கள். கடிதத்தின் நகலில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அது சிபிஎஸ்இ பள்ளி என்றால், இந்தக் கொடுமையை (புல்லியிங்) தடுக்க ஒவ்வொரு பள்ளியும் குழு அமைக்க வேண்டும் என்று 2015-லேயே சுற்றறிக்கை வந்திருக்கிறது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வேறு பாடத்திட்டம் என்றாலும் தலைமையாசிரியருக்குப் பொறுப்பு உண்டு. காது கொடுக்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, கர்நாடக மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. அங்கே போவேன் என்று மிரட்ட வேண்டாம். போக முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் குரல் தானாக நிமிரும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவே கூடாது. பல பள்ளிகளில் இரண்டு தரப்பையும் ஓர் அறையில் உட்கார வைத்து, 'கை குடுத்துக்குங்கப்பா, இனிமே ஃபிரண்ட்ஸ்' என்று முடித்துவிடுவார்கள். சம பலமுள்ள இரண்டு பேர் சண்டை போட்டால் அது சரி. இங்கே பயந்து நடுங்குகிறவனை, பயமுறுத்துகிறவன் முன்னால் உட்கார வைத்துச் சிரிக்கச் சொல்கிறோம். அடுத்த நாள் 'போட்டுக் குடுத்தியா' என்று இரண்டு மடங்காக வாங்குவான். பள்ளி அந்தப் பையன்களிடம் தனித்தனியாகப் பேசட்டும். நீங்களும் அவர்கள் வீட்டுக்கு நேராகப் போக வேண்டாம். இடைவேளையில் எந்த ஆசிரியர் எங்கே நிற்பார், மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க அடுத்த சந்திப்பு எந்தத் தேதியில் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேடிக்கை பார்க்கும் மற்ற பிள்ளைகளைப் பற்றியும் பள்ளியில் பேசுங்கள். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துச் செய்த ஓர் ஆய்வு 2001-இல் வந்தது. சக மாணவர்கள் குறுக்கே புகுந்த சம்பவங்களில் 57 சதவீதம் பத்து விநாடிக்குள் நின்றுபோயிருந்தன. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குறுக்கே வந்தது ஐந்தில் ஒரு தடவைதான். உங்கள் மகனின் வகுப்பிலும் இது பிடிக்காத ஒருவனாவது இருப்பான். யார் என்று மகனைக் கேளுங்கள், வகுப்பாசிரியருக்கு அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அந்த ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தாலே டப்பா காலியாக வரும்.

ஹோஷினோ மாதிரி, சீண்டுகிற பையனுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கலாம். படம் அதை மறைக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. அவனுக்கும் உதவி தேவை. ஆனால் அது பள்ளியின் வேலை. உங்கள் மகனிடம் போய் 'அவன் வீட்ல என்ன கஷ்டமோ' என்று இப்போது சொல்லாதீர்கள். அடிபட்டுக்கொண்டிருக்கிறவனிடம் கேட்கக் கூடாத கருணை அது.

ராத்திரியில் மகன் இணையத்தில் யாரோடாவது பேசுகிறானா என்பதும் தெரிய வேண்டும். ஒளிந்து போனைத் திறந்து பார்க்காதீர்கள், கேளுங்கள். பேசுகிறவரை நேரில் பார்த்திருக்கிறானா, அவர் காசோ போட்டோவோ கேட்டிருக்கிறாரா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நீலப் பூனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பேச்சு சுலபமாக வரும்.

பள்ளி மாற்றுவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரு மாதம் பள்ளிக்கு அவகாசம் கொடுங்கள். எழுதிக் கொடுத்தும் அடியும் காசுப் பறிப்பும் நிற்கவில்லை என்றால் மாற்றுங்கள். அது தோல்வி இல்லை. ஆனால் முடிவில் அவனுடைய பங்கும் இருக்கட்டும். பாட்டியிடம் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பயல்கள் அடித்தார்கள், வீட்டை விட்டு நான் போக வேண்டியதாயிற்று என்று அவன் மனதில் பதியும். மாசத்துக்கு ஒரு ஞாயிறு அவனை அழைத்துக்கொண்டு மாரிக்குப்பம் ரயில் ஏறுங்கள். பழைய சர்ச், பழைய கூட்டாளிகள், அந்தக் கீபோர்டு. காலையில் போய் ராத்திரி திரும்பினால் போதும். அவனை வாயாடி என்று தெரிந்தவர்கள் நடுவில் ஒரு நாள் இருந்துவிட்டு வரட்டும்.

இங்கேயும் கே.ஆர்.புரத்தைச் சுற்றித் தமிழ் ஆராதனை நடக்கும் சர்ச்சுகள் இருக்கின்றன. பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்க ஆள் வேண்டுமா என்று நீங்களே போய்க் கேட்டு வாருங்கள். வேண்டும் என்றால், அவனிடம் 'அவங்களுக்கு ஆள் இல்லையாம், வரமுடியுமான்னு கேட்டாங்க' என்று மட்டும் சொல்லுங்கள். அறைக்குள் தனியாகக் கேட்கிற பாட்டு அவனுக்கு இருக்கட்டும். நாலு பேரோடு சேர்ந்து வாசிக்கிற பாட்டும் ஒன்று இருக்கட்டும். பள்ளிக்கு வெளியே ஒரே ஒரு நண்பன் கிடைத்தாலும் பள்ளியில் விழும் அடியின் வலி குறையும்.

உங்கள் கணவரும் அந்தப் படத்தைப் பார்க்கட்டும். தம்பியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அக்கறையில்தான் பேசினார். பார்த்து முடித்த பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அந்த வயல் காட்சியைப் பற்றி அவன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்